ஆயில் பாட்டிலுக்குமா டூப்ளிகேட்?

பழைய ராணுவத் துப்பாக்கி சேகரிக்கிறவங்களைக்கூட ஒரு மாதிரி புரிஞ்சுக்கலாம். அதோட தோள்வார், எண்ணெய் பாட்டில், குழலைச் சுத்தம் பண்ற கயிறு, தோட்டா வெச்ச துணிப்பை... இதையெல்லாம் தேடித் தேடி வாங்குறவங்களை? பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியான்னு அப்படி ஒரு கூட்டமே இருக்கு. சட்டப்படி பழைய ரைஃபிள் வெச்சிருப்பாங்க, ரேஞ்சுக்குப் போய் சுடவும் செய்வாங்க. துப்பாக்கி நல்லதா கெட்டதாங்கிறது இங்கே பேச்சு இல்லை (அதுக்குத் தனியா ஒரு பதிவு போட்டு சண்டை போட்டுக்கலாம்). என் கவலை இந்தச் சில்லறைச் சாமான்கள்ல வர்ற போலிகளைப் பத்தி. காமர்ஸ் படிக்கிறவன் கண்ணுக்கு இது ஒரு அருமையான சந்தை, அதுவும் கெட்டுப்போயிக்கிட்டிருக்கிற சந்தை.

லீ-என்ஃபீல்டை எடுத்துக்குவோம். அதாங்க, நம்ம த்ரீ-நாட்-த்ரீ. மேற்கு வங்கத்துல இஷாப்பூர் தொழிற்சாலையில பல வருஷம் செஞ்சாங்க. உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்துலதான் அதுக்கு விடை கொடுத்தாங்க. என்.சி.சி.யில இருந்தவங்களுக்கு புல்த்ரூ, சிந்தின்னு சொன்னாலே எண்ணெய் வாசனை வந்துடும்.

அந்த ரைஃபிளோட பின்கட்டை அடியில ஒரு பித்தளைத் தகடு இருக்கும். அதுல ஒரு குட்டிக் கதவு. திறந்தா உள்ளே பொந்து, அதுக்குள்ள எண்ணெய் பாட்டிலும் சுருட்டி வெச்ச புல்த்ரூ கயிறும். கயிறோட ஒரு முனையில பித்தளைக் குண்டு, இன்னொரு பக்கம் 4-க்கு 2 இஞ்ச் துணி மாட்டுற வளையம். குண்டைப் பின்பக்கமா குழலுக்குள்ள விட்டா முன்னாடி வந்து தொங்கும். பிடிச்சு இழுத்தா துணி குழலைத் துடைச்சுக்கிட்டே வெளியே வரும். அவ்வளவுதான் டெக்னாலஜி. நூறு வருஷம் ஓடுச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒரு வளைஞ்ச தகரப் புனல். அந்தக் காலத் தோட்டாவோட பிரைமர்ல பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடா மாறி குழலுக்குள்ள படியும். நம்ம சமையல் உப்புக்கு ஒண்ணு விட்ட தம்பின்னு வெச்சுக்கங்க. காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து துருப்பிடிக்க வைக்கும். இதை எண்ணெய் கரைக்காது, தண்ணிதான் கரைக்கும். அதனால போல்ட்டைக் கழட்டிட்டு, புனலைப் பின்பக்கம் சொருகி, கொதிக்கிற தண்ணியை ஊத்துவாங்க. கொதிநீர் குழலையே சூடாக்கிடுறதால உள்ளே தானா காஞ்சுடும். எண்ணெய் அப்புறம்தான். இன்னைக்கும் பழைய சரக்குத் தோட்டா சுடுறவங்களுக்கு இது தேவைப்படுது. ரைஃபிளை மட்டும் பார்த்தா அது சுடும்னு தெரியும். அந்த ஆள் சுட்டு முடிச்சப்புறம் என்ன பாடு பட்டான்னு புனல்தான் சொல்லும். அதனாலதான் இந்தச் சாமான்களைச் சேக்கிறவங்களைப் பைத்தியம்னு சொல்ல எனக்கு மனசு வரலை.

இப்ப போலிக்கு வருவோம். 1907 மாடல் பயனெட், 17 இஞ்ச் கத்தி. ஆரம்பத்துல கைப்பிடிகிட்ட ஒரு கொக்கி இருந்துச்சு. 1913-ல அதை வேண்டாம்னு விட்டுட்டாங்க, ஏற்கெனவே இருந்ததுலயும் நிறைய அறுத்து எடுத்தாச்சு. அதனால கொக்கி இருக்கிறது அபூர்வம், விலையும் பல மடங்கு. விளைவு? சாதாரண பயனெட்ல கொக்கியை வெல்டு வெச்சு விக்கிறாங்க.

இதைவிட வயித்தெரிச்சல் நம்பர் 4 (டி). இரண்டாம் உலகப் போர்ல குறி நல்லா விழுற ரைஃபிள்களைப் பொறுக்கி எடுத்து, பெரும்பாலும் ஹாலந்து அண்ட் ஹாலந்து கம்பெனியில டெலஸ்கோப் மாட்டி ஸ்னைப்பர் ரைஃபிளா மாத்தினாங்க. இருபதாயிரத்துக்கு மேல செஞ்சாங்க. எந்த டெலஸ்கோப் எந்த ரைஃபிளுக்குன்னு பின்கட்டையோட கழுத்துல நம்பரே அடிச்சிருப்பாங்க. இப்ப டெலஸ்கோப் மாட்டுற ஸ்டாண்டு புதுசாவே செஞ்சு கிடைக்குது. அதை வாங்கி, உருப்படியா இருந்த ஒரு சாதாரண நம்பர் 4-ஓட இடது பக்க இரும்புல துளை போட்டு மாட்டி, "ஸ்னைப்பர்"னு சொல்லி வித்துடுறாங்க. ஒரு போலி பிறக்கிறதுக்கு ஒரு ஒரிஜினல் சாகுது. துளையை அடைச்சா பழைய ரைஃபிள் திரும்பி வந்துடுமா?

1970-ல ஜார்ஜ் அகெர்லாஃப்னு ஒருத்தர் எழுதின கட்டுரை இதுக்கு அப்படியே பொருந்தும் (2001-ல நோபல் வாங்கினவர், எகனாமிக்ஸ் பேப்பர்ல தூங்காதவங்களுக்கு ஞாபகம் இருக்கும்). சும்மா ஒரு கணக்கு. அசல் 5,000 ரூபா பெறும், போலி 1,000. சந்தையில ரெண்டும் பாதிப்பாதி. வாங்குறவனுக்கு வித்தியாசம் தெரியலைன்னா சராசரியா 3,000-க்கு மேல தர மாட்டான். அசல் வெச்சிருக்கிறவன் 3,000-க்கா தருவான்? உள்ளே வெச்சுப் பூட்டிடுவான். சந்தையில மிஞ்சுறது போலி மட்டும். ஏமாந்தவனுக்கு மட்டும் நஷ்டம்னு நினைக்கிறோம். ஆனா தாத்தா விட்டுட்டுப் போன அசல் பயனெட்டை விக்க வர்றவங்களையும்தான் யாரும் நம்ப மாட்டாங்க.

அதுக்காக நகலே கூடாதுன்னு சொல்ற ஆள் நான் இல்லை. ரேஞ்சுக்குக் கொண்டுபோக நகல்தான் சரி. எண்பது வருஷப் பருத்தி வாரோட தையலை நம்பி நாலு கிலோ ரைஃபிளைத் தோள்ல தொங்கவிட்டா, வார் அறுந்து ரெண்டுமே போயிடும். புது வாரை மாட்டி சுடுங்க, பழையதைச் சுருட்டாம, மடிக்காம வீட்ல வையுங்க. நகல் செய்றவன் நல்ல வேலைதான் செய்றான், அதுல அம்பு முத்திரையையும் 1943-ன்னு வருஷத்தையும் அடிச்சு, தன் பேரை மட்டும் விட்டுடுற வரைக்கும். அந்த அம்பு பிரிட்டிஷ் அரசோட சொத்துங்கிறதுக்கான அடையாளம். போன வருஷம் தைச்ச வார்ல அதுக்கு என்ன வேலை?

இந்த நகல் வார், தோட்டாப்பைகள்ல நிறைய நம்ம நாட்டுல தைச்சு ஏத்துமதி ஆகுறதுதான். அதனால இதை வெள்ளைக்காரங்க பிரச்சினைன்னு தள்ளிவிட முடியலை. செஞ்ச வருஷத்தையும் செஞ்சவன் பேரையும் அடிக்கிறதை ஏத்துமதி செய்றவங்களே வழக்கமாக்கணும்னு நான் நினைக்கிறேன். போர்க்காட்சி நடிச்சுக் காட்டுற குழுக்கள் இதுக்கு ஒத்துக்க மாட்டாங்க, புது முத்திரை தெரிஞ்சா வேஷம் கலைஞ்சுடும்பாங்க. நியாயம்தான். பையோட மூடிக்கு உள்பக்கம் அடிங்க. வார்ல பித்தளை முனை மடிஞ்சு வர்ற இடத்துல அடிங்க. எண்ணெய் பாட்டிலா, அடியில அடிங்க. அது எப்படியும் பின்கட்டைப் பொந்துக்குள்ளதான் கிடக்கப்போகுது. காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி வெளியே எடுத்துத் திருப்பிப் பாக்கிறவர் கண்ணுல பட்டா போதும்.