பொன்முதுகு மரங்கொத்தி

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக உள்ள ஓர் ஒழுங்கைக்கு மாதத்தில் இரண்டு தடவையாவது போவேன். 2000ஆம் ஆண்டு தென்மராட்சிச் சண்டையின்போது இடம்பெயர்ந்த அக்கா ஒருவர் அங்கே வாடகை அறையில் தையல் வேலை செய்து சீவிக்கிறார்.

அன்று அவர் பக்கத்து வளவுத் தென்னையைக் காட்டினார். "அங்க பார் பிள்ளை, மரங்கொத்தி. எங்கட ஊரில இதுக்கு முதுகு பொன்னிறம். இங்க சிவப்பு." வீட்டுக்கார அம்மாவின் மகனோ, அப்படியொன்று இலங்கையில் இல்லை, அன்ரிக்கு மறந்துபோச்சு என்று சிரித்தானாம். "காணி உறுதியும் துலைஞ்சுது. இனி நான் கண்டதும் பொய்யாமோ?" என்று கேட்டார்.

கொட்டாஞ்சேனையில் நான் இருக்கும் பகுதியில் காகத்தைத் தவிர வேறு பறவை காண்பது அரிது. ஆகவே தேடிப் படித்தேன். அக்கா சொன்னதுதான் சரி. வடக்கில் வாழ்வது பொன்முதுகு மரங்கொத்தி, இந்தியாவிலும் உண்டு. தெற்கில் வாழும் செம்முதுகுப் பறவை இலங்கைக்கே உரியது. இடைப்பட்ட பிரதேசத்தில் இரண்டும் கலந்து, செம்மஞ்சள் முதுகுடைய பறவைகளும் பிறக்கின்றன. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் இதை விரிவாக எழுதியுள்ளார்கள். சிங்கராஜா போன்ற ஈரக் காடுகளில் வெளிறிய அலகுடைய, சற்றுப் பெரிய செம்முதுகுப் பறவை இன்னொன்றும் இருக்கிறது.

ஆணுக்கு உச்சி முழுவதும் சிவப்பு. பெண்ணுக்கு நெற்றி கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள். பின்கொண்டை மட்டும் சிவப்பு. குரல் கனைப்பதுபோல் வேகமாக நீளும். எறும்புதான் பெரிய உணவு. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். வல்லூறும் மரமேறும் பாம்பும் எதிரிகள். பொந்தைப் பறிக்க மைனாவும் கிளியும் வரும்.

பொந்து குடைய இதற்குப் பட்ட மரம் வேண்டும். ஊரில் ஷெல் பட்டுத் தலையிழந்த பனைகளில் பொந்துகள் இருந்ததை அக்கா சொன்னார். பங்கருக்குத் தறித்த பனைகளைப் பற்றியும் சொன்னார். அதைச் சொல்லும்போது தையல் மெசினை நிறுத்திவிட்டார்.

படித்ததைச் சொன்னதும் வீட்டுக்காரப் பெடியனைக் கூப்பிட்டு, "இன்னொருக்காச் சொல்லு பிள்ளை" என்றார். சொன்னேன்.

பக்கத்து வளவிலும் பட்ட தென்னை ஒன்று நிற்கிறது. அதைத் தறிக்க ஆள் வந்தபோது, பொந்துக்குள் குஞ்சு கத்துகிறது, பறக்கும்வரை பொறுங்கோ என்று அக்கா வேலியருகே போய்க் கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள்.