பிவானியிலிருந்து மான்செஸ்டருக்கு: குத்துச்சண்டை வீரரும் உழைப்பாளியே

2008 ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்கின் 75 கிலோ குத்துச்சண்டைப் பிரிவில் நால்வர் பதக்கம் பெற்றனர். அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம் தருவது இவ்விளையாட்டின் வழக்கம். தங்கம் பிரிட்டனின் ஜேம்ஸ் டிகேலுக்கு. வெள்ளி கியூபாவின் எமிலியோ கொரேயாவுக்கு. வெண்கலம் அயர்லாந்தின் டேரன் சதர்லேண்டுக்கும் இந்தியாவின் விஜேந்தர் சிங்குக்கும். குத்துச்சண்டையில் இந்தியா பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அரையிறுதியில் விஜேந்தரை 8-5 என்று வென்றவர் கொரேயா. 1972 மியூனிக்கில் தங்கம் வென்ற தந்தையின் மகன் அவர்.

அதன்பின் இந்நால்வரின் பாதைகள் பிரிந்தன. டிகேல் மறு ஆண்டே தொழில்முறைக்குச் சென்று, 2015இல் உலகப் பட்டம் வென்றார். சதர்லேண்டும் தொழில்முறைக்குச் சென்றார். நான்கு போட்டிகளில் ஆடி நான்கிலும் வென்ற நிலையில், 2009 செப்டம்பரில் தமது லண்டன் இல்லத்தில் இறந்து கிடந்தார். அப்போது வயது 27. வெற்றிப் பட்டியலைப் பார்த்து ஒரு வீரரின் மனநிலையை யாரும் அளந்துவிட முடியாது என்பதற்கு மேல் அந்த மரணத்தைப் பற்றி இங்கு எதுவும் சொல்வது நியாயமாகாது. கொரேயாவின் நாட்டில் அன்று தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு இடமே கிடையாது. விஜேந்தர் ஏழாண்டுகள் காத்திருந்து, 2015 ஜூனில் ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டார்.

ரியோ ஒலிம்பிக்கிற்கு ஓராண்டே இருந்தது. பணத்திற்காக நாட்டைக் கைவிட்டார் என்ற குரல் உடனே எழுந்தது. ஹரியானா காவல்துறையில் டிஎஸ்பியாக இருந்தவர் அவர். அரசு ஊழியர் ஒருவர் காசுக்குச் சண்டையிடலாமா என்ற கேள்வி உயர் நீதிமன்றம் வரை சென்றது. இடதுசாரி எண்ணம் கொண்டோரிலும் சிலர், இது விளையாட்டின் வணிகமயம் என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லி நகர்ந்துவிடுவதுண்டு. வணிகமயம் என்பது உண்மைதான். ஆனால் தன் உழைப்புச் சக்தியை விற்கப் போகும் தொழிலாளியைப் பார்த்து, ஏன் விற்றாய் என்று கேட்பது எந்த மார்க்சியத்திலும் இல்லை. யார் வாங்கினார்கள், எந்த நிபந்தனையில் வாங்கினார்கள், அந்த உழைப்பு யார் செலவில் உருவானது என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள்.

செலவைப் பொறுத்தவரை விடை தெளிவு. பிவானி அருகே காலுவாஸ் கிராமத்தில் பிறந்த விஜேந்தரின் தந்தை ஹரியானா அரசுப் போக்குவரத்தில் பேருந்து ஓட்டுநர். மகன் பயிற்சி பெற்றது பிவானியில், இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் ஜக்தீஷ் சிங்கிடம். பெய்ஜிங் சென்ற ஐந்து இந்தியக் குத்துச்சண்டை வீரர்களில் நால்வர் அந்த ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள். 'குட்டி கியூபா' என்ற பெயர் பிவானிக்குச் சும்மா வரவில்லை. இந்திய அணிக்கு 1990 முதல் பயிற்சியளித்தவர்களில் ஒருவர் கியூபாவின் ஃபெர்னாண்டஸ். துரோணாச்சாரியார் விருது பெற்ற முதல் வெளிநாட்டவரும் அவரே. ஆக, அரசு ஊதியம் பெற்ற பயிற்சியாளர், அரசு விடுதி, அரசு வேலை, சோசலிச நாடொன்றின் அனுபவம் ஆகிய இத்தனையும் சேர்ந்து உருவாக்கிய உடல் அது. அதன் பலனைச் சந்தைக்குக் கொண்டுசென்ற நிறுவனம் இதற்கெல்லாம் ஒரு பைசாகூடச் செலவழிக்கவில்லை.

வீரர்கள் வெளியேற அரசின் பொறுப்பின்மையும் காரணம். தேர்தல் முறைகேட்டுப் புகாரில் இந்தியக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பைச் சர்வதேச அமைப்பு 2012 டிசம்பரில் இடைநீக்கம் செய்தது. 2014இல் அங்கீகாரமே ரத்தானது. பின்னர் வந்த புதிய அமைப்பும் 2015இல் உட்பூசலில் கவிழ்ந்தது. இன்றுள்ள கூட்டமைப்பு அங்கீகாரம் பெற்றது 2016இல்தான். நாற்காலிச் சண்டையில் வீரர்களின் இளமை கரைந்துகொண்டிருந்த காலத்தில், 29 வயதை எட்டிவிட்ட ஒருவரிடம் தேசபக்தியை எதிர்பார்த்தவர்கள், நிர்வாகிகளிடம் அதை ஏன் எதிர்பார்க்கவில்லை?

அமெச்சூர் ஆட்டம் மூன்று சுற்று. விஜேந்தரின் காலத்தில் தலைக்கவசம் உண்டு. குத்துகளை எண்ணிப் புள்ளி தருவார்கள். பட்டு விலகினால் போதும். தொழில்முறையில் பட்டப் போட்டி பன்னிரண்டு சுற்று வரை நீளும். எதிரியின் விலாவையும் தாடையையும் படிப்படியாகச் சிதைப்பதே அங்கு திறமை. ஒருகாலத்தில் பதினைந்து சுற்றுகள் இருந்தன. 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் தென்கொரியாவின் டுக் கூ கிம் பதினான்காம் சுற்றில் வீழ்ந்து, சில நாட்களில் உயிரிழந்த பிறகே அது பன்னிரண்டாகக் குறையத் தொடங்கியது. தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகளைப் போலவே இங்கும் விதிகள் சாவுக்குப் பிறகே வந்தன.

அங்கு மாதச் சம்பளம் இல்லை. போட்டிக்குப் போட்டி பணம். அதிலும் மேலாளருக்கும் பயிற்சியாளருக்கும் பங்கு. எலும்பு முறிந்தால் வருமானம் நிற்கும். நட்சத்திரங்களின் கோடிகளை மட்டும் பார்ப்போருக்கு, இத்தொழிலின் அடித்தளம் கண்ணில் படுவதில்லை. பர்மிங்காமைச் சேர்ந்த பீட்டர் பக்லி 2008இல் ஓய்வு பெற்றபோது ஆடியிருந்த போட்டிகள் 300. அவற்றில் தோல்வி 256. திறமையற்றவர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. வளரும் வீரர்களின் பட்டியலில் வெற்றிகள் சேர, குறுகிய அறிவிப்பில் வந்து, பத்திரமாகத் தோற்று, அடுத்த வாரமும் ஆடத் தகுதியோடு வீடு திரும்பும் உழைப்பாளர்கள் அத்தொழிலுக்குத் தேவை. தோல்வியையும் கூலிக்கு வாங்கும் சந்தை அது.

விஜேந்தர் 2015 அக்டோபரில் மான்செஸ்டரில் முதல் போட்டியை வென்றார். 2016 ஜூலையில் டெல்லியில் கெர்ரி ஹோப்பை வீழ்த்தி ஆசிய பசிபிக் பட்டம் பெற்றார். தொடர்ந்து பன்னிரண்டு வெற்றிகள். முதல் தோல்வி 2021 மார்ச்சில், கோவாவில் ஒரு சூதாட்டக் கப்பலின் மேல்தளத்தில். பேருந்து ஓட்டுநரின் மகன், மக்கள் பணத்தில் கற்ற கலையைச் சூதாட்டக் கப்பலின் விருந்தினர் முன் நிகழ்த்த நேர்ந்தது. (2020 டிசம்பரில் சிங்கு எல்லையில் விவசாயிகளுடன் நின்ற அவர், 2024 ஏப்ரலில் பாஜகவில் சேர்ந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதற்கான கணக்கு வேறிடத்தில் தீர்க்கப்பட வேண்டியது.)

கியூபா 1962இல் தொழில்முறை விளையாட்டை ஒழித்தது. 1972, 1976, 1980 என மூன்று ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்ற தியோஃபிலோ ஸ்டீவன்சன், முகமது அலியுடன் மோத அழைத்த அமெரிக்கப் பணத்தை மறுத்தார். அது மாபெரும் நிகழ்வு. அதோடு, 2004இல் தங்கம் வென்ற கம்போவா, பார்த்தெலெமி, சோலிஸ் ஆகிய மூவரும் 2006இல் வெளியேறியதையும், இருமுறை தங்கம் வென்ற ரிகோண்டோ 2009இல் வெளியேறியதையும் மறைக்கத் தேவையில்லை. முற்றுகை நெரிக்கும் நாட்டில், இருபது வயது இளைஞர் எல்லோரும் ஸ்டீவன்சனாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொள்கையாகாது.

2022 ஏப்ரலில் கியூபா தன் வீரர்கள் தொழில்முறையில் ஆட அனுமதித்தது. மே மாதம் மெக்சிகோவில் முதல் போட்டிகள் நடந்தன. இதைச் சரணாகதி என்று எழுதிய முதலாளித்துவ ஏடுகள் நிபந்தனைகளைப் படித்திருக்கலாம். பரிசுப் பணத்தில் 80 சதவீதம் வீரருக்கு, 15 சதவீதம் பயிற்சியாளருக்கு, 5 சதவீதம் மருத்துவக் குழுவுக்கு. வீரர் நாட்டு அணியிலேயே தொடர்வார். உருவாக்கிய பயிற்சியாளருக்கும் காக்கும் மருத்துவருக்கும் பங்கு உண்டு என்பதைச் சந்தைக்குள் நுழையும்போதே எழுதிவைத்த ஏற்பாடு இது.

இங்கு நிலை என்ன? பாரிஸ் ஒலிம்பிக்கின் காலிறுதியில் தோற்ற ஹரியானாவின் நிஷாந்த் தேவ், 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸில் தொழில்முறை வாழ்வைத் தொடங்கிவிட்டார். அவரைப் பின்தொடர இளைஞர்கள் தயாராக இருக்கிறார்கள். வீரர்களை நிறுவனங்கள் சுரண்டுவதைக் கட்டுப்படுத்த அமெரிக்காவே 2000ஆம் ஆண்டில் முகமது அலியின் பெயரில் சட்டம் இயற்றியது. இந்தியாவில் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கெனத் தனிச் சட்டம் கிடையாது. ஒப்பந்த நகலை அரசு அமைப்பு ஒன்றிடம் பதிவு செய்தல், நிறுவனத்தின் செலவில் ஆண்டுதோறும் மூளைப் பரிசோதனை, காயத்திற்கும் ஓய்வுக்கும் காப்பீடு, பயிற்சி தந்த பொது மையத்திற்குக் கட்டாயப் பங்கு ஆகியவற்றை நாடாளுமன்றத்தில் இடதுசாரி உறுப்பினர்கள் எழுப்ப வேண்டும். உருவாக்கிய மையங்களில் பயிற்சியாளர் பணியிடங்களை ஒப்பந்த முறைக்கு மாற்றாமல் நிரந்தரமாக நிரப்புவதும் அந்தப் பட்டியலிலேயே சேர வேண்டும். விளையாட்டரங்கில் வேலை செய்யும் அந்த ஊழியர்களைச் சங்கமாகத் திரட்டும் பணி, சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.