வீட்டு முகவரியைக் கொடுத்தால் வீடியோ திரும்பி வரும்

சாதிக் கொடுமையைப் படம்பிடித்து யூடியூபில் போடுகிற நம் பிள்ளைகளை மிரட்ட இப்போது அரிவாள் தேவையில்லை. ஒரு மின்னஞ்சல் கணக்கும் காப்புரிமைப் புகார்ப் படிவமும் போதும். "இந்தக் காட்சி என்னுடையது" என்று யாரோ நிரப்பி அனுப்புகிறார். வீடியோ இறங்கிவிடுகிறது. சேனல்மேல் ஒரு ஸ்ட்ரைக் விழுகிறது. 90 நாட்களுக்குள் மூன்று விழுந்தால் சேனலையே நீக்கிவிடுவார்கள். ஊர் ஊராகப் போய் எடுத்த பேட்டிகள், பாதிக்கப்பட்ட குடும்பங்களின் வாக்குமூலங்கள், ஆர்ப்பாட்டப் பதிவுகள் எல்லாம் அதோடு போச்சு.

"பொய்ப் புகார் என்றால் மறுத்து எழுதலாமே, அதற்குத்தான் வழி இருக்கிறதே" என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். இருக்கிறது. அதற்குப் பெயர் எதிர் அறிவிப்பு. அதில் உங்கள் முழுப்பெயர், முகவரி, தொலைபேசி எண் எழுத வேண்டும். யூடியூப் அதைத் தன்னிடம் பத்திரமாக வைத்துக்கொள்ளும் என்று நினைத்துவிடாதீர்கள். புகார் கொடுத்தவருக்கே அனுப்பிவைக்கும். அவர் 10 வேலை நாட்களுக்குள் சட்ட நடவடிக்கை எடுத்ததற்கு ஆதாரம் காட்டாவிட்டால் வீடியோ திரும்பி வரும்.

அமெரிக்காவில் 1998-இல் போட்ட டிஜிட்டல் மில்லேனியம் காப்புரிமைச் சட்டத்திலிருந்து வந்த நடைமுறை இது. அதை எழுதியவர்களுக்கு முகவரி என்றால் தபால் வந்து சேர்கிற இடம். நம் ஊரில் முகவரியைப் பார்த்தாலே தெரு தெரியும், தெரு தெரிந்தால் சாதி தெரியும். கோயில் நுழைவுத் தகராறைப் படமெடுத்துப் போட்ட பையனின் வீடு எது என்று, அந்தத் தகராறில் எதிரே நின்றவர்களுக்கே எழுதிக் கொடுக்கச் சொல்கிற விதியை எந்த வாயால் நடுநிலையான விதி என்பது?

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன். திருவிழாவில் சேரி மக்கள் தேர் வடம் பிடிக்கப் போனபோது நடந்த தள்ளுமுள்ளைத் தன் போனில் எடுத்தான். ஒரு தொலைக்காட்சி நிருபர் கேட்டார், வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அவர்கள் மேலே தங்கள் லோகோவை ஒட்டி ஒளிபரப்பினார்கள். எடுத்தவன் பெயர் இல்லை, சரி போகட்டும். சில மாதம் கழித்து அதே காட்சியைச் சேர்த்து அவன் அரை மணி நேர வீடியோ ஒன்று செய்து போட்டான். அந்தத் தொலைக்காட்சியிடமிருந்தே காப்புரிமைப் புகார் வந்தது! அவன் எடுத்த காட்சிக்கு அவனே திருடன். எதிர் அறிவிப்பு எழுத உட்கார்ந்தவனை, "முகவரியெல்லாம் போடாதடா" என்று அம்மா தடுத்துவிட்டார். வீடியோ இன்றுவரை கிடையாது.

சட்டம் யார் பக்கம்? 1957-ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி, சொந்தமாகப் படமெடுத்தவனுக்குத்தான் முதல் உரிமை. எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. அந்த உரிமை முழுசாக இன்னொருவருக்குப் போக வேண்டுமானால் எழுத்தில், கையெழுத்தோடு போக வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. வாட்ஸ்அப்பில் அனுப்பியதாலோ லோகோ ஒட்டியதாலோ அது கைமாறிவிடாது.

அடுத்தவர் காட்சியை எடுத்தாள்வதற்கும் இடம் இருக்கிறது. விமர்சனத்துக்காக, நடப்புச் செய்தியைச் சொல்வதற்காக நியாயமான அளவில் பயன்படுத்தினால் அது மீறல் ஆகாது என்று 52-ஆம் பிரிவு சொல்கிறது. நீதிமன்றத் தீர்ப்புகளை எடுத்துப்போட, நீதிமன்றம் தடை செய்திருந்தாலொழிய, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அம்பேத்கர் 1956 டிசம்பரில் மறைந்தார். அவர் வாழ்நாளில் வெளியிட்ட நூல்கள்மேல் இருந்த 60 ஆண்டுக் காப்புரிமை 2016 முடிவோடு தீர்ந்துவிட்டது. அவருடைய ஆங்கில வரிகளை நீங்கள் தாராளமாக வாசிக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்புக்கு மட்டும் மொழிபெயர்த்தவரின் உரிமை தனியாக உண்டு. (நாமே மொழிபெயர்த்துப் பழகினால் இன்னும் நல்லது.)

நியாயமான பயன்பாடு எவ்வளவு தூரம் நீளும் என்பதற்குக் கேரளத்தில் ஒரு வழக்கு உண்டு. தோப்பில் பாசியின் 'நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி' 1952-இல் மேடையேறிய புகழ்பெற்ற நாடகம். என்னைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள் என்பது அதன் பொருள். 1990-களில் அதற்கு ஓர் எதிர்நாடகம் வந்தது: நீங்கள் யாரைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள்? கட்சிக்கு ரத்தம் கொடுத்த அடித்தட்டு மக்களுக்குக் கடைசியில் என்ன கிடைத்தது என்று அது கேட்டது. மூல நாடகத்தின் பாத்திரங்களையும் வசனங்களையும் ஏராளமாக எடுத்துக்கொண்டே கேட்டது. காப்புரிமை மீறல் என்று வழக்கு வந்தது. எடுத்த அளவு, எடுத்த நோக்கம், மூலத்தின் வியாபாரத்துக்கு அது போட்டியாகுமா என்பதையெல்லாம் பார்த்த கேரள உயர் நீதிமன்றம், இது விமர்சனம், நடத்தலாம் என்று 1996-இல் சொன்னது. நாடகத்துக்கு நாடகத்தாலேயே பதில் சொல்லலாம் என்றால், தொலைக்காட்சி விவாதத்தின் 20 விநாடியைக் காட்டி "இவர் பேசியது பொய்" என்று சொல்ல ஏன் கூடாது?

ஆனால் நீதிமன்றம் பார்க்கிற இந்த எதையும் யூடியூபின் படிவம் பார்ப்பதில்லை. நம் நாட்டுக் காப்புரிமை விதிகள் 2013-இல் வந்தவை. அவற்றின் 75-ஆம் விதி, புகார் கொடுப்பவரையே 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவருவேன் என்று உறுதி எழுதித்தரச் சொல்கிறது. உத்தரவு வராவிட்டால் மறுபடியும் திறந்துவிடலாம். எடுத்தவன் தன் வீட்டு முகவரியைக் கொடுக்க வேண்டும் என்று அதில் இல்லை. முதல் சுமை புகார்காரர் தலையில். இந்த முறையை இந்தியப் புகார்களுக்கு யூடியூப் ஏன் கடைப்பிடிக்கக் கூடாது? இங்கே விளம்பரக் காசு வாங்கத் தெரிகிறது, இங்கத்திய விதி மட்டும் தெரியாதா?

2025 மே மாதம் மோஹக் மங்கல் என்ற இந்தி யூடியூபர், சில விநாடிக் காட்சிகளுக்காக ஏஎன்ஐ செய்தி நிறுவனம் ஸ்ட்ரைக் போட்டுவிட்டு லட்சக்கணக்கில் பணம் கேட்டதாகப் பகிரங்கமாகக் குற்றம்சாட்டினார். தன் உரிமையைத்தான் காக்கிறோம் என்றது ஏஎன்ஐ. அவர்மேல் அவதூறு வழக்கும் போட்டது. அதில் யார் சரி என்பதற்குள் நான் போகவில்லை. லட்சக்கணக்கான பார்வையாளர்கள் இருந்ததால் அவர் கத்தியது நாடு முழுக்கக் கேட்டது. 3,000 சந்தாதாரர் வைத்திருக்கிற நம் தம்பி கத்தினால் பக்கத்துத் தெருவுக்குக்கூடக் கேட்காது.

காப்புரிமையே முதலாளித்துவச் சூழ்ச்சி, எல்லாவற்றையும் எடுத்துப் போடுங்கள் என்று வீரவசனம் பேசும் தோழர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பறையிசைக் குழுக்களின் பதிவை அறிவிப்பில்லாமல் எடுத்துப் பின்னணியில் போடுகிற இயக்கச் சேனல்கள் உண்டு. அந்தக் கலைஞர்களுக்கு ஒரு நன்றிகூடச் சொல்வதில்லை. உழைத்தவன் பெயரை அழிப்பதைச் சாதி இந்துக்களிடமிருந்துதானா நாம் கற்க வேண்டும்?

நம் வழக்கறிஞர்களிடம் ஒன்று கேட்கிறேன். வன்கொடுமை வழக்கென்றால் நள்ளிரவிலும் காவல் நிலையத்துக்கு வருகிறீர்கள். எதிர் அறிவிப்பை வழக்கறிஞர் மூலமாகவும் அனுப்பலாம். அதில் போக வேண்டியது உங்கள் அலுவலக முகவரி. மாவட்டத்துக்கு இரண்டு பேர் "என் முகவரியைப் போட்டுக்கொள்" என்று முன்வந்தால் அந்தப் படிவத்தின் பாதி நஞ்சு இறங்கிவிடும். ஆதாரமில்லாத காப்புரிமை மிரட்டலுக்கு எதிராக வழக்குப் போட 60-ஆம் பிரிவு இருக்கிறது. அதையும் எடுத்துப் பாருங்கள்.

படமெடுக்கிற தம்பி தங்கைகளே, மூல ஃபைலைப் போனிலிருந்து அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் போவது பெரும்பாலும் சுருங்கிய பிரதி. எடுத்த தேதியும் நேரமும் உங்கள் கையில் இருக்கிற மூலத்தில்தான் இருக்கும். இன்னொரு பிரதியை ஊருக்கு வெளியே, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். நிருபருக்குக் காட்சி அனுப்பும்போது, "இந்தச் செய்திக்கு மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம், உரிமை என்னுடையது" என்று கூடவே ஒரு வரி தட்டிவிட்டு அனுப்புங்கள்.