பைபிள் கரைச்சுக் குடிச்சிருக்கணுமா பாஸ்?

ஆடி மாசம் அஞ்சாவது வெள்ளிக்கிழமை. வீராம்பட்டினத்தில் செங்கழுநீரம்மன் தேர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வடம் பிடிப்பார். இப்போது துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். அந்த ஊர்க்கார கிளாஸ்மேட் உங்களை வீட்டுக்குக் கூப்பிடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிறு முட்டச் சாப்பாடு. கூடவே அம்மன் கதை. வீரராகவர் என்ற மீனவர் ஓடையில் வலை வீசினாராம். மீனுக்குப் பதில் ஒரு மரக்கட்டை வந்ததாம். விறகாகுமே என்று வீட்டில் அதைக் கோடாலியால் வெட்டினால், ரத்தம்! அப்புறம் கனவில் அம்மன் வந்து சொல்ல, கோயில் எழுந்ததாம்.

கதையை முடித்த கையோடு அவன் கேட்கிறான்: "மச்சான், நீ சண்டேன்னா சர்ச்சுக்கு ஓடுறியே, உங்க சாமியைப் பத்திக் கொஞ்சம் சொல்லுடா!"

உங்களுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. "நான் ஒண்ணும் பைபிளைக் கரைச்சுக் குடிச்சவன் இல்லப்பா. எங்க ஃபாதர்கிட்ட கேளு, பாஸ்டர்கிட்ட கேளு" என்று நழுவப் பார்க்கிறீர்கள். ஏன் பாஸ்? அவன் மட்டும் தல புராணத்தை மனப்பாடம் செய்துவிட்டா பேசினான்? பாட்டி சொன்னதை, தான் நம்புவதைச் சொன்னான். நீங்களும் ரசித்துத்தானே கேட்டீர்கள்!

இதே கடற்கரையில் தெற்கே போனால் முத்துக்குளித்துறை. 1542-ல் அங்கே வந்து சேர்ந்தார் பிரான்சிஸ் சவேரியார். பாரீஸில் படித்தவர், பாடமும் நடத்தியவர். ஆனால் இங்கே அந்தப் படிப்பெல்லாம் கைகொடுக்கவில்லை. காரணம், தமிழ் தெரியாது! உள்ளூர்க்காரர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, நெட்டுரு போட்டு, கையில் மணியடித்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். நோயாளிகளுக்காக ஜெபிக்க வரச் சொல்லி ஏகப்பட்ட வீடுகளில் இருந்து அழைப்பு. ஒரே ஆள் எத்தனை வீட்டுக்குத்தான் போவார்? பிள்ளைகளை அனுப்பினார்! இதை 1544-ல் எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். பரதவர் வீட்டுப் பொடிசுகளுக்குத் தெரிந்தது நாலைந்து ஜெபம். அதை வைத்துக்கொண்டு நோயாளியின் பக்கத்தில் போய் நின்றார்கள்.

பைபிளிலேயே ஒருத்தர் இருக்கிறார். யோவான் எழுதிய நற்செய்தி, 9-ம் அதிகாரம். பிறவியிலேயே பார்வையில்லாதவருக்கு இயேசு பார்வை கொடுக்கிறார். வேதம் கற்ற பரிசேயர்கள் அவரைக் கூப்பிட்டு, 'அந்த ஆள் பாவியாச்சே' என்று குறுக்கு விசாரணை செய்கிறார்கள். அதெல்லாம் தனக்குத் தெரியாது என்கிறார் மனுஷன். நேற்றுவரை பார்வை இல்லை, இன்றைக்கு இருக்கிறது, தெரிந்தது அவ்வளவுதான். கோர்ட்டில் வக்கீலுக்குச் சட்டம் தெரியணும். சாட்சிக்கு, கண்ணால் பார்த்ததைச் சொன்னால் போதும்.

சரி, ஃப்ரெண்ட் எசகுபிசகாக ஒரு கேள்வி கேட்டால்? கேட்பான். "2004 டிசம்பர் 26-ந் தேதி உங்க சாமி எங்கடா இருந்தாரு?" என்று கேட்பான். இன்று காலேஜில் இருக்கும் பலருக்கு அன்றைய சுனாமி, வீட்டில் கேட்ட கதைதான். ஆனால் கடலோர ஊர்களில் அந்தத் தேதி இன்னும் ஆறாத புண். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கொண்டு வந்த யாத்ரீகர்களையும் அலை கொண்டுபோனது. அவர்களிடம் என்ன விசுவாசம் குறைந்தது? இந்த இடத்தில் மனப்பாடம் செய்த ஒரு வசனத்தை எடுத்துவிட்டால், ஃப்ரெண்டின் வலியை நீங்கள் காதிலேயே வாங்கவில்லை என்று அர்த்தம். "எனக்கும் தெரியலடா" என்று சொல்லுங்கள். தெரியாமலே நீங்கள் எப்படி ஜெபிக்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அவன் வீட்டில் யாரை இழந்தார்கள் என்று கேளுங்கள். அப்புறம் பேசாமல் உட்கார்ந்து கேளுங்கள்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. அந்த உரிமை நம் நம்பிக்கையை எடுத்துச் சொல்வதற்குத்தான், இன்னொருவரை மதம் மாற்றுவதற்கு இல்லை என்று 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. அதை விடுங்கள், நட்புக்கே ஒரு சட்டம் இருக்கிறது. ஃப்ரெண்ட் அரியர் வைத்துத் தவிக்கும்போதோ, அவன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதோ, 'சரியான சான்ஸ்' என்று உள்ளே நுழையாதீர்கள். முதலில் நோட்ஸ் கொடுங்கள், ரத்தம் கொடுங்கள். கேட்டால் சொல்லுங்கள். 'போதும்டா' என்றால் நிறுத்திவிடுங்கள். அவன் கும்பிடும் சாமியைப் பற்றி ஒரு வார்த்தை மட்டமாக வந்தாலும், அதுவரை சொன்னதெல்லாம் வீண்.

பைபிளே படிக்க வேண்டாம் என்று சொல்வதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். படியுங்கள். தெரியாத கேள்வியை நோட்டில் குறித்துக்கொண்டு போய் விவரம் தெரிந்தவரிடம் கேளுங்கள். ஆனால் முழுசாகப் படித்து முடித்த பிறகுதான் வாயைத் திறப்பேன் என்று காத்திருந்தால், கான்வகேஷனே முடிந்துவிடும். ஃப்ரெண்டு வேலை தேடி வேறு ஊருக்கே போயிருப்பான் பாஸ்!