கார்னர் அடித்தது யார்?

கலசப்பாக்கத்தில் கால்பந்தைப் பற்றிப் பேச ஆள் தேட வேண்டும். செய்யாற்று மணலில் பையன்கள் ஆடுவது கிரிக்கெட். சாயங்காலமானால் வாலிபால். திருவிழா வந்தால் கபடி. அப்படிப்பட்ட ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடைச் சுவரில், சாமி படங்களுக்குப் பக்கத்தில், சாயம் போன நீல ஜெர்சி ஒன்று ஆணியில் தொங்குகிறது. ஆதார் நகல் எடுக்க வருகிறவர்கள் அதை ஏதோ பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கடைக்காரரும் திருத்துவதில்லை.

அது சென்னையின் எஃப்.சி. ஜெர்சி. 2014இல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது அவர் சென்னையில் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தார். சைதாப்பேட்டையில் நாலு பேர் சேர்ந்து எடுத்த ரூம். அதில் ஒருவர் இதே ஊர்க்காரர், ஒன்றாகப் படித்தவர். பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் மேட்ச் என்றால் இருவரும் சேர்ந்துதான் போவார்கள். பிறகு ஒருவர் ஊருக்குத் திரும்பிக் கடை போட்டார். இன்னொருவர் பெங்களூரு போனார்.

கடந்த கார்த்திகை தீபத்துக்கு ஊருக்கு வந்த பெங்களூருக்காரர், கடைக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்தது சுவரைத்தான்.

"இன்னா மச்சான், இன்னும் இத வச்சினு இருக்கியா?"

"பின்ன, தூக்கிப் போட்டுருவாங்களா?"

கல்லாவுக்குப் பின்னால் அக்கா மகன் உட்கார்ந்து ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தான். பிளஸ் டூ படிக்கிறான். ஐரோப்பாவில் எந்த கிளப் யாரை வாங்கியது, எவ்வளவுக்கு வாங்கியது என்பதெல்லாம் விரல் நுனியில். அவன் தலையைத் தூக்கிக் கேட்டான்: "சென்னை டீம்ல யாரு மாமா ஆடினாங்க? நமக்குத் தெரிஞ்ச ஆளுங்க யாராச்சும் உண்டா?"

அவ்வளவுதான். அன்றைக்கு ஜெராக்ஸ் மெஷின் பாதி நேரம் சும்மாவே கிடந்தது.

தெரிந்த ஆட்கள் என்றால் முதல் வருடமே இருந்தார்கள். 2006 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஜிடேன் தலையால் முட்டினாரே, அந்த முட்டை நெஞ்சில் வாங்கிய மெட்டராஸிதான் சென்னையின் முதல் பயிற்சியாளர், ஆட்டக்காரரும் அவரே. இத்தாலியின் நெஸ்டா கொஞ்ச நாள் ஆடினார். மான்செஸ்டர் யுனைடெட்டில் ஆடிய சில்வெஸ்டர் பின்வரிசையில் இருந்தார். பிரேசிலின் எலானோ அந்த வருடம் 8 கோல் அடித்து லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர் ஆனார். ஓய்வு பெறும் வயதில் வந்தவர்கள்தான், ஓட்டம் குறைவு. ஆனால் எலானோ ஃப்ரீ கிக் எடுக்கப் பந்தை வைத்தால் ஸ்டாண்டில் முறுக்கு மெல்லும் சத்தம்கூட நின்றுவிடும் என்கிறார் பெங்களூருக்காரர்.

"எலானோதான் மச்சான் பெஸ்ட்டு. அவனுக்கு அப்புறம் அந்த மாதிரி கால் யாருக்கும் வரல."

கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு ஜெஜெதான்.

மிசோரமிலிருந்து வந்த ஜெஜெ லால்பெக்லுவா. எலானோ இரண்டு சீசனோடு போய்விட்டார். ஜெஜெ 2014இலிருந்து 2019 வரை இந்த நீல ஜெர்சியில்தான் ஐ.எஸ்.எல். ஆடினார், மொத்தம் 23 கோல். கடைக்காரர் முதலில் சொன்னது 2014 டிசம்பர் 16 அன்று நடந்த அரையிறுதிக் கதை.

கொச்சியில் நடந்த முதல் ஆட்டத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் 3-0 என்று வென்றிருந்தது. சென்னையில் மூன்று கோல் அடித்தால்தான் உயிர். இரண்டு கோல் விழுந்தது. மூன்றாவது வரவேயில்லை. போளூர் வழியாகப் போகும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், மறுநாள் ஊரில் ஒரு காதுகுத்து. நண்பர்கள் இருவரும் எழுந்து படிக்கட்டுவரை வந்துவிட்டார்கள். அப்போதுதான் 90ஆவது நிமிடம், ஜெஜெ அடித்தார். 3-0. கூடுதல் நேரம். பஸ்ஸாவது ஒன்றாவது என்று திரும்ப வந்து உட்கார்ந்தார்கள். 117ஆவது நிமிடத்தில் கேரளாவின் ஸ்டீபன் பியர்சன் ஒரு கோல் போட்டார். கதை முடிந்தது.

அன்று இரவு கோயம்பேடு பஸ் நிலையத்திலேயே நியூஸ் பேப்பர் விரித்துப் படுத்தார்கள். காதுகுத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்திருந்தது.

"அது யாரு காது தெரியுமா? உன்னுதுதான்டா" என்றார் மாமா. மாப்பிள்ளை காதைத் தடவிக்கொண்டான்.

அடுத்த வருடம் வெள்ளம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் சைதாப்பேட்டை ரூமுக்குள் இடுப்பளவு தண்ணீர். சட்டை, பாய், ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எல்லாம் போயிற்று. ஜெர்சி தப்பித்ததற்கு ஒரே காரணம், அது அப்போது அவர் உடம்பில் இருந்தது. இருவரும் ஊருக்கு வந்துவிட்டார்கள். சென்னை அணிக்கும் அதே கதிதான். சொந்த ஊரில் ஆட முடியாமல் அரையிறுதியின் முதல் ஆட்டத்தை புனேயில் ஆடியது. கொல்கத்தாவை 3-0 என்று ஜெயித்தது. வீடு வாசல் மூழ்கிக் கிடந்தவர்களுக்கு அன்றைக்கு டி.வி.யில் வந்த ஒரே நல்ல செய்தி அது என்று அவர் சொல்வதைக் கொஞ்சம் மிகை என்று வைத்துக்கொள்ளலாம். பொய் என்று சொல்ல முடியாது.

டிசம்பர் 20, கோவாவில் இறுதிப் போட்டி. கலசப்பாக்கத்தில் அதை டி.வி.யில் பார்த்த வீடு எத்தனையோ, இவர்கள் வீடு ஒன்று. 87ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னேறியது. "போதும், சீரியல் போடுடா" என்று அம்மா ரிமோட்டைக் கேட்டார். தருவதற்குள் கோவா கோல்கீப்பரின் கையிலிருந்தே பந்து சொந்த வலைக்குள் போனது, 2-2. இரண்டு நிமிடம்தான். கொலம்பியாக்காரர் ஸ்டிவன் மெண்டோஸா, 3-2. கோப்பை சென்னைக்கு. அந்த சீசனில் மெண்டோஸா அடித்தது 13 கோல். சீரியல் அன்றைக்கு ஒரு எபிசோட் போனது போனதுதான். அம்மா இன்றும் அந்தக் கணக்கைத் தீர்க்கவில்லை.

மெண்டோஸா அதோடு போய்விட்டார். அமெரிக்கா, பிரான்ஸ், பிரேசில் என்று ஊர் ஊராக ஆடினார். ஐ.எஸ்.எல். ரசிகர்களின் பிழைப்பு இதுதான். ஒரு பெயரை வாயில் பழகி, பாட்டுக் கட்டி, டி-ஷர்ட்டில் எழுதி முடிப்பதற்குள் ஆள் வேறு ஊரில் இருப்பார். ஐரோப்பாவில் தாத்தா பார்த்த ஆட்டக்காரரைப் பற்றிப் பேரன் பேசுகிறான். இங்கே அண்ணன் பார்த்தவரைத் தம்பிக்குத் தெரியாது. அதனால்தான் நின்றவர்கள் மேல் இவர்களுக்கு அப்படி ஒரு பாசம். டேராடூன் பையன் அனிருத் தாபா பதினெட்டு வயதில் வந்து, கேப்டனாகி, 2023இல் மோகன் பகானுக்குப் போனபோது பெங்களூருக்காரர் இரண்டு நாள் வாட்ஸ்அப்பில் யாரோடும் பேசவில்லையாம். போய்விட்டுத் திரும்பி வந்தவர்களும் உண்டு. பிரேசிலின் கிரிவெல்லாரோ, லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ். திரும்பி வந்த பிள்ளையை வாசலில் நிற்க வைத்துக் கேள்வி கேட்கிற வழக்கம் இந்த ரசிகர்களுக்கு இல்லை.

"நம்ம ஊர்ப் பையன் யாருமே இல்லியா மாமா?"

இருந்தார். வியாசர்பாடி தனபால் கணேஷ். சந்துக்கு ஒரு கால்பந்து உருளும் வடசென்னையிலிருந்து வந்தவர். 2018 மார்ச் 13, அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம், நேரு ஸ்டேடியத்தில் கோவாவை 3-0 என்று தோற்கடித்தார்கள். இரண்டு கோல் ஜெஜெ. ஒன்று கணேஷ். பிரேசில்காரன் அடித்தாலும் கத்துவோம், மிசோரம்காரன் அடித்தாலும் கத்துவோம், ஆனால் அன்றைக்குத் தொண்டை வேறு மாதிரி கத்தியது என்கிறார் கடைக்காரர். அடுத்த சீசனை காயம் விழுங்கிவிட்டது. "இன்னும் நாலு வருஷம் ஆடியிருக்க வேண்டிய கால் அது" என்று சொல்லிவிட்டு, யாரோ நீட்டிய பட்டாவை மெஷினில் தலைகீழாக வைத்தார்.

நான்கு நாள் கழித்து பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் இறுதிப் போட்டி. பெங்களூருக்காரர் அப்போதுதான் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தார். சுற்றிலும் பெங்களூரு ரசிகர்கள். இவர் சட்டைக்குள் நீல ஜெர்சி. பெங்களூருவுக்கும் நீலம்தான் என்பதால் உயிர் பிழைத்தேன் என்கிறார். ஒன்பதாவது நிமிடத்தில் சுனில் சேத்ரி அடித்துவிட்டார். ஸ்டேடியமே எழுந்து ஆடியது. பிறகு ஒரு கார்னர், பிரேசில்காரர் மெயில்சன் ஆல்வ்ஸ் தலையால் ஒரு கோல். பாதி ஆட்டம் முடியும் நேரத்தில் இன்னொரு கார்னர், அதே மெயில்சன், அதே தலை. இரண்டாம் பாதியில் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதைப் போட்டார். 3-2. இரண்டாவது கோப்பை.

"மெயில்சன் பேர எல்லாரும் சொல்வாங்க மாப்ள. அந்த ரெண்டு கார்னரும் அடிச்சது யாரு, சொல்லு?"

பையனுக்குத் தெரியவில்லை. கூகுள் பண்ணப் போனவனை மாமா தடுத்தார். "பாக்காத. உனக்கே என்னிக்காச்சும் தெரிய வரும்."

பையன் வேறு கேள்வி கேட்டான். "இப்ப அந்த டீம் இருக்கா?"

இரண்டு பேரும் உடனே பதில் சொல்லவில்லை. அது 2025 டிசம்பர். இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்ததால், ஜூலையிலேயே ஐ.எஸ்.எல். நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் முதன்மை அணியின் வேலைகளை நிறுத்தியது. எப்போது ஆட்டம், ஆட்டம் உண்டா என்பதே யாருக்கும் தெரியாத நாட்கள்.

பயப்படக் காரணம் இருந்தது. பயம் ஒன்றும் கற்பனை இல்லை, பக்கத்து வீட்டில் நடந்ததுதான். சென்னை சிட்டி எஃப்.சி. என்று ஒரு கிளப். 1946இல் நுங்கம்பாக்கத்தில் தொடங்கியது. கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாக வைத்து ஐ-லீக் ஆடியது. 2019 மார்ச் 9 அன்று கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி இந்தியாவின் ஐ-லீக் சாம்பியன் ஆனது. ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்ஸி அந்த சீசனில் 21 கோல். தமிழ்ப் பையன்கள் வரிசையாக அங்கிருந்துதான் மேலே போனார்கள்: கன்னியாகுமரிக் கடற்கரையின் மைக்கேல் சூசைராஜ், எட்வின் சிட்னி வான்ஸ்பால், நந்தகுமார். 2023 டியூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலை அடித்துக் கொல்கத்தாவைத் தலைகீழாக்கிய அதே நந்தகுமார்தான்.

சாம்பியன் ஆன மூன்றே வருடத்தில் அந்த கிளப் ஐ-லீக்கில் இல்லை. ஆட்டக்காரர்கள் வேறு ஜெர்சி போட்டுக்கொண்டார்கள். ரசிகன் எந்த ஜெர்சியைப் போடுவான்? கோயம்புத்தூரில் அந்த வருடம் கத்தியவர்கள், யாரிடம் போய் மான்ஸியைப் பற்றிப் பேசுவார்கள்?

"அதுக்குத்தான் மச்சான் இது தொங்குது" என்றார் கடைக்காரர், சுவரைப் பார்க்காமலே.

தீபம் முடிந்து பெங்களூருக்காரர் பஸ் ஏறினார். ஜெஜெ 2023இல் மிசோரமில் எம்.எல்.ஏ. ஆகிவிட்டதைப் பையன் நம்பவில்லை. அதைப் பற்றிய சண்டை பஸ் வரும்வரை ஓடியது. சண்டையில் பையன் தோற்றான், டீக்காசு அவன் தலையில்.

பிப்ரவரியில் லீக் திரும்ப வந்தது. குறுக்கி, ஒரு சுற்று ஆட்டங்களாகத்தான். ஆனாலும் வந்தது. அன்றைக்குக் கடையில் வேலை அதிகம். மாமா ஃபோனைப் பார்க்கவில்லை. ஷட்டரை இறக்கும்போதுதான் மாப்பிள்ளையிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்திருப்பதைக் கவனித்தார். 2018 இறுதிப் போட்டியின் முழு வீடியோவும் தேடிப் பார்த்திருக்கிறான் போல. நாலு செகண்ட் மெசேஜ்.

"மாமா, கிரிகரி நெல்சன். கரெக்டா?"