பேரரசு போனா ஆளும் போகணுமா?

போன வாரம் மல்லசமுத்திரத்துல நானும் நண்பர் ஒருத்தரும் டீ குடிச்சுகிட்டு இருந்தோம். அவர் வீட்டுல தெலுங்கு பேசுறவர். பருத்தி விலையில ஆரம்பிச்ச பேச்சு எங்கெங்கயோ சுத்துச்சு. கடைசியில ஒரு பெரியவர், "விஜயநகரமே 1565ல முடிஞ்சு போச்சு, அதோட வந்த நீங்க மட்டும் இங்க இருக்கறீங்களே"ன்னு சிரிச்சுகிட்டே சொன்னாரு. நண்பர் பாதி டீயை வெச்சுட்டு எந்திரிச்சுட்டாரு. எனக்குத்தான் மனசு ஆறல. அதான் இந்தப் பதிவு.

முதல்ல அந்தக் கணக்கே தப்புங்க. 1565 தலைக்கோட்டைப் போர்ல ராமராயர் தலை போச்சு, தலைநகர் ஹம்பி போச்சு. ஆனா பேரரசு போகல. பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர்னு இடம் மாறி இன்னும் எண்பது வருஷம் ஓடுச்சு. 1639ல சென்னையில வெள்ளைக்காரனுக்கு இடம் கொடுத்த நாயக்கரும் இந்தப் பேரரசோட ஆளுதான்.

உடனே "துலுக்கப் படை அழிச்சுச்சு"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். ராமராயர் படையிலயே முஸ்லிம் வீரர்கள் இருந்தாங்க சாமி! சுல்தான்களுக்குள்ள சண்டை மூட்டிக் குளிர் காய்ஞ்சவர் அவர். கடைசியில அவங்க ஒண்ணு சேர்ந்துட்டாங்க, அவ்வளவுதான். 1614ல வேங்கடபதி ராயர் செத்ததும் பங்காளிச் சண்டை. தஞ்சாவூர் ஒரு பக்கம், மதுரையும் செஞ்சியும் எதிர்ப்பக்கம். பிறகு திருமலை நாயக்கரே பேரரசருக்கு எதிரா சுல்தான் படையோட கை கோத்தாரு. கரையான் உள்ள இருந்துச்சுங்க.

ஆட்சி போச்சு, சரி. ஜனங்க எங்க போவாங்க? சேலம், நாமக்கல் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுற எத்தனையோ குடும்பம் உழுது, தறி ஓட்டி, இங்கயே பொறந்து இங்கயே மண்ணானவங்க. நாம தினமும் சொல்ற 'எச்சரிக்கை', 'தெம்பு', 'கெட்டி' எல்லாம் தெலுங்குல இருந்து வந்ததுதான். வந்தவங்களைத் திருப்பி அனுப்பணும்னா இந்தச் சொல்லையும் மூட்டை கட்டணுமே, முடியுமா?

நாயக்கர் ஆட்சியில வரியும் கொடுமையும் இருந்திருக்கலாம். அதைத் தாராளமா திட்டுங்க, நானும் சேர்ந்து திட்டறேன். ஆனா நானூறு வருஷத்துக்கு முன்னாடி ஆண்டவன் கணக்கை இன்னைக்கு டீ குடிக்கிறவன்கிட்ட வசூல் பண்ணாதீங்க.

நண்பர் இன்னும் அந்தக் கடைப் பக்கம் வரல. நாளைக்குக் கூட்டிட்டுப் போகணும். பெரியவரும் இருந்தா நல்லது, மூணு டீ என் செலவு.