கறிக்கோழி ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன் இதைப் பாருங்கள்

ஒப்பந்தப் பண்ணையம் பற்றிய மத்திய அரசின் 2020-ம் ஆண்டுச் சட்டம் 2021-ல் ரத்தானது. அதனால் ஒப்பந்தத்துக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை என்று நினைக்காதீர்கள். தமிழக அரசின் 2019-ம் ஆண்டுச் சட்டம் தனி; அந்த ரத்து இதைத் தொடவில்லை. பயிரோடு கால்நடை வளர்ப்பும் இதில் வருகிறது.

ஆனால், எழுத்தில் இருப்பதைத்தான் கேட்டு வாங்க முடியும். குஞ்சு, தீவனம், மருந்து நிறுவனத்துடையது. கொட்டகை, கரண்ட், ஆள்கூலி உங்களுடையது. இரண்டு கிலோ எடையில் 5,000 கோழி பிடித்தால் 10,000 கிலோ. கிலோவுக்கு ஒரு ரூபாய் பிடித்தம் செய்தாலே ஒரு பேட்சில் 10,000 ரூபாய் போய்விடும்.

எனவே ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும்:

* கிலோவுக்கு வளர்ப்புக் கூலி எவ்வளவு, கோழி பிடித்த எத்தனை நாளில் பணம் வரும்
* தீவனம் கூடுதலானால், கோழி இறந்தால் எவ்வளவு பிடித்தம்
* குஞ்சோ தீவனமோ தரமில்லை என்றால் நஷ்டம் யாருக்கு
* கோழி பிடிக்கத் தாமதமானால் ஆகும் செலவு யாருடையது
* எடை போடும்போது நீங்கள் உடனிருக்கும் உரிமை

ஒப்பந்தத்தைத் தமிழில் கேளுங்கள். கையெழுத்தான நகல் ஒன்றை வாங்கி வையுங்கள். நிரப்பாத பத்திரமோ, தொகை எழுதாத காசோலையோ கொடுக்காதீர்கள். பதிவு செய்வது பற்றி வேளாண் விற்பனைத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.